மரக்குழாய் நீர்வழியும் தீயும்: 1666ஆம் ஆண்டு இலண்டன் பெருந்தீயை முன்வைத்து

17ஆம் நூற்றாண்டு இலண்டனில் தெருக்களின் அடியில் பதிக்கப்பெற்ற எல்ம் மரக் குழாய்கள் வழியே நீர் வழங்கப்பட்டது. அடிமரத்தை நீளவாக்கில் துளைத்து, ஒன்றன் கூர்முனையை மற்றொன்றின் அகன்ற வாயில் செருகி இவை இணைக்கப்பட்டன. ஈரத்தில் ஊறிய மரம் உப்பி இணைப்பை இறுக்கும். உலர்ந்தால் சுருங்கிக் கசியும். ஆகவே ஈரம் காத்தலே இக்குழாய்ப் பராமரிப்பின் அடிப்படையாகும்.

1666 செப்டம்பர் 2ஆம் நாள் தொடங்கிய பெருந்தீயின்போது, வாளிகளை நிரப்பும் பொருட்டு மக்கள் தெருவைத் தோண்டிக் குழாய்களை வெட்டினர். வெட்டிய இடங்களில் நீர் வீணாகி, பிற தெருக்களுக்கான வரத்துக் குன்றியது. இலண்டன் பாலத்தின் வடமுனையில் இருந்த நீரேற்றுச் சக்கரங்களும் தீக்கிரையாகவே, ஆற்றுநீர் வரத்தும் நின்றது. எனவே, இந்நீர்வழிக்கு நேர்ந்த கேட்டில் நெருப்போடு, ஒழுங்குபடுத்தப்படாத நீரெடுப்பின் பங்கும் கருதத்தக்கது.

குழாயில் முன்னரே துளையிட்டு மரமுளையால் அடைத்து வைக்கும் முறை இக்குறைக்குத் தீர்வாக அமைந்தது. தீ நேர்கையில் முளையைப் பிடுங்கி நீரெடுத்து, பின்னர் மீண்டும் அடைத்துவிடலாம். 1708இல் நடைமுறைக்கு வந்த சட்டம், இவ்வமைப்புகளைப் பேணவும், அவை உள்ள இடத்தை எதிர்வீட்டு முகப்பில் குறித்துவைக்கவும் திருச்சபைப் பங்குகளைப் பணித்தது. குழாயை வெட்டாமலே நீரெடுக்கும் வழி, இவ்வாறு பராமரிப்பின் ஓர் உறுப்பாகச் சட்டத்தில் இடம்பெற்றது.