கொல்லியும் முள்ளூரும்

சங்கச் செய்யுட்களைப் பயில்வார் மூவேந்தர் புகழையே பெரிதும் உள்ளத்திற் கொள்வர். ஆயின், அவ்வேந்தர் நாடுகளின் இடையே மலைகளையும் ஆற்றுவெளிகளையும் ஆண்ட குறுநில மன்னர் பலர் இருந்தனர். எவ்வேந்தனோடு நட்புக்கொள்வது என்பது அன்னார்க்கு வாழ்வும் தாழ்வும் பற்றிய வினாவாகும். இதனைக் கொல்லிமலையின் வரலாறு கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றாம்.

கொல்லிமலை இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தின்கண் உளது. முன்னாளில் அதன் மேற்கே கொங்கும், கிழக்கே சோழநாடும், வடக்கே அதியமானது தகடூரும் இருந்தன. பலா மலிந்த இம்மலைக்குத் தலைவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் வீழ்த்திய திறத்தை வன்பரணர் புறநானூற்றிற் பாடியுள்ளார்.

வடகிழக்கே பெண்ணையாற்றங்கரையில், திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. முள்ளூர் அவனது மலை. ஓரி, காரி இருவரும் கடையெழு வள்ளல்களில் வைத்து எண்ணப்படுபவர். ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும், காரியின் குதிரைக்குக் காரி என்றும் பெயர் வழங்கிற்று.

காரியின் நிலை வியத்தற்குரியது. மூவேந்தருள் யாவரேனும் துணைவேண்டிப் புகழ்ந்து அவனுக்குப் பொருள் விடுப்பர்; அப்பொருளோ அவனைப் பாடிவரும் பரிசிலர்க்குப் போய்விடும். நாடு அந்தணர்க்குரியது, தனக்கென அவன் கொண்டது மனைவியின் துணை ஒன்றே எனக் கபிலர் கூறுவர். இங்ஙனம் அவன் வாள் ஒருவேந்தனுக்கே உரியதாகாது நின்றது.

அவ்வாளே ஓரியின் உயிரைக் குடித்தது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான் என்று அகநானூற்றிற் கல்லாடனார் உரைக்கின்றார். ஒரு வள்ளல் மற்றொரு வள்ளலின் மலையைப் பரிசிலாக்கினான்! பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்து அதியமானையும் இருபெரு வேந்தரையும் வென்று தகடூரை அழித்தான் எனப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறும். காரியின் கோவலூரும் அழிவுக்குத் தப்பவில்லை. அதனை அதியமான் நெடுமான் அஞ்சி வென்றழித்ததை ஔவையார் பாட்டால் அறிகின்றோம்.

மலையமான் குலத்துப் பின்னோர் நிலையும் இத்தகையதே. தோற்ற சோழன் ஒருவனுக்கு முள்ளூர் மலையிற் புகலளித்து, அவனை மீண்டும் அரியணை ஏற்றியது இக்குலம். இக்குலத்துத் திருக்கண்ணன் 'சோழிய ஏனாதி' எனப் பட்டமும் தாங்கினான். ஆயினும், மலையமான் மக்களைச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடியே அச்சிறுவரைக் காக்க வேண்டியதாயிற்று. பின்னும் இக்குலம் மாய்ந்திலது. 985-ஆம் ஆண்டில் அரசுகட்டில் ஏறிய முதலாம் இராசராசனைப் பெற்றெடுத்த வானவன்மாதேவி மலையமான் குலமகளே.

இந்நிலை தமிழகத்திற்கே உரியதன்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இரு நாட்டிலும் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் நெடுங்காலம் இரு முடிகட்கும் பணிந்து வாழ்ந்தனர். 1314-ஆம் ஆண்டில் பானக்பர்ன் போரில் வென்ற ராபர்ட் புரூஸ், தன்பால் சாராதார் ஸ்காட்லாந்து நிலங்களை இழப்பர் என விதித்தான். அதன்பின் இரு முடிகட்கும் பணிந்து இரு நாட்டிலும் நிலம் கொள்ளுதல் அவர்க்கு அரிதாயிற்று.

அங்ஙனமாயின் காரியை யாங்ஙனம் மதிப்பது? இவ்வினாவிற்குக் கபிலரே வழிகாட்டுகின்றார். காரியின் கொடையை அவர் வாயாரப் புகழ்ந்தார். எனினும், ஓரியைக் கொன்ற காரி அவனது பெருந்தெருவிற் புகுந்தபோது ஊரெங்கும் எழுந்த பேரொலியை அவர் மறைத்திலர். நற்றிணைப் பாட்டொன்றில் உவமையாக்கி அதனை என்றும் கேட்கச் செய்தார். புரவலனது புகழைப் பாடிய நாவே அவன் பகைவனது ஊர் பட்ட துயரையும் கூறிற்று.

இன்றும் ஆண்டுதோறும் ஆடித் திங்களிற் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நிகழ்கின்றது. மலையைச் சேரன் கொண்டான். வெற்றியைக் காரி கொண்டான். மலைவாழ் மக்களின் நெஞ்சை ஓரியே கொண்டான். வென்றார் தோற்றார் இருவரையும் ஒருங்கே நினையச் செய்த புலவர்தம் நேர்மை, வரலாறு கற்கப் புகும் நம்மனோர்க்கு ஏற்ற துணையாகும்.