உலக்கை ஓய்ந்தால் சாமை பிழைக்கும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகவேண்டும். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்; அவர்கள் பேசுவது தமிழ்தான்.

பள்ளத்தில் நெல், சரிவில் சாமை, தினை, கேழ்வரகு. இதுதான் அங்கே பழைய வழக்கம். சாமையில் மட்டும் வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை என்று பல ரகங்கள். பின்னால் அந்தச் சரிவுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றினால் கைக்கு ரொக்கம் வருகிறது. யாரைக் குறை சொல்லமுடியும்?

ஆனால் சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வீட்டுத் தாய்மார்களைக் கேட்டால்தான் தெரியும்.

உரலடியில் போன பொழுது

சாமையின் உமி கெட்டியானது, மணியோடு ஒட்டிக்கொண்டிருப்பது. காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து... ஒருவேளைச் சோற்றுக்கு இவ்வளவு பாடு! காட்டு வேலை, தண்ணீர், விறகு எல்லாம் பார்த்த கைதான் இதையும் செய்யவேண்டும். நெல் மில்லில் போடலாமே என்பீர்கள். போட்டால் பாதி நொய்யாகிப் போகும். 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. குத்தவேண்டாம், புடைக்கவேண்டாம். பிறகு உலக்கையை யார் தொடுவார்கள்? வீட்டில் சமைக்காத தானியத்தைக் காட்டில் எத்தனை நாள் விதைப்பார்கள்? நாலு வருஷம் விதைக்காமல் விட்டால் விதையும் கைவிட்டுப் போகும்.

மில் வந்தது

1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்துவருகிறது. சிறுதானியத்துக்கென்றே உமி நீக்கும் இயந்திரங்கள் சில ஊர்களில் வைக்கப்பட்டன. மகளிர் குழுக்களே அவற்றைப் பார்த்துக்கொண்டன. ஊர் விதை வங்கிகளும் ஏற்பட்டன. விதையை வாங்குகிறவர் அறுவடையில் கூடுதலாகத் திருப்பித் தருவது வழக்கம்.

நீங்கள் செய்யவேண்டியது

மானாவாரி நிலம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலாவது, சாமையைக் கைவிதைப்பாக வீசாமல் வரிசையில் விதையுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். களை எடுக்கச் சுலபம். சரிவு நிலமானால் வரிசை சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். மண் அரித்துப் போகாது.

இரண்டாவது, நல்ல கதிர்களை அறுவடைக்கு முன்பே பொறுக்கி விதைக்குத் தனியாக வையுங்கள்.

மூன்றாவது, தானியத்தை உமியோடு சேமியுங்கள். உமியோடு இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அரிசியாக்கி வைத்தால் சில மாதத்தில் காறல் வாடை வரும். வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள்.

நான்காவது, மில்லுக்குக் கொண்டுபோகுமுன் நன்றாகக் காயவைத்து, கல், மண் நீக்கிச் சலித்துவிடுங்கள். வெள்ளையாக வரட்டும் என்று அதிகம் தீட்டவேண்டாம்; தவிட்டோடு சத்தும் போய்விடும்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பட்டணத்துக் கடைகளில் சாமை அரிசிக்கு இன்று நல்ல கிராக்கி. ஆனால் உமியோடு விற்றால் லாபம் வியாபாரிக்கு. அரிசியாக்கி விற்றால் உங்களுக்கு.

ஆகவே, 'சாமை போடலாமா?' என்று யோசிக்கிறவர்கள், 'நம் ஊருக்குப் பக்கத்தில் சாமை அரைக்கிற மில் இருக்கிறதா?' என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். வீட்டு அம்மாவின் தோள்வலி தீர வழிசெய்துவிட்டு விதையுங்கள். அப்புறம் பாருங்கள், அடுத்த வருஷம் விதை எடுத்துவைப்பது அவர்களாகத்தான் இருக்கும்.