கட்சிக்காரருக்கு வங்கி கதவைச் சாத்தலாமா?

திண்டிவனத்தில் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் வங்கிக் கணக்கு தொடங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தின் கே.ஒய்.சி. பகுதியில் 'பொலிட்டிகலி எக்ஸ்போஸ்டு பர்சன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அரசியல் என்று கண்ணில் பட்டதுமே 'ஆம்' என்று டிக் அடித்துவிடுவார். தேவையே இல்லை. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு விதிகளில் 2023-இல் சேர்த்த விளக்கத்தின்படி, அந்தக் கட்டம் வெளிநாட்டில் பெரிய பொறுப்பு வகிப்பவர்களுக்கானது. நம்மூர் கவுன்சிலர் என்ன, அமைச்சரே அதில் வரமாட்டார். வருகிறவர்களுக்குக்கூட, கூடுதலாக விசாரித்து மேலதிகாரி ஒப்புதலோடு கணக்கு தொடங்கலாம்.

அப்படியென்றால் கட்சியைக் காரணம் காட்டி மறுக்கவே முடியாதா? அங்கேதான் சிக்கல். ரிசர்வ் வங்கி 2014-இல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமை சாசனம் பாலினம், வயது, மதம், சாதி, உடல்திறன் போன்ற காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது. அரசியல் கருத்து என்று பெயர் சொல்லவில்லை. 'போன்ற' என்று இருப்பதால் வாதாடலாம், அவ்வளவுதான். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு வங்கிக் கணக்கு விதிகள் அரசியல் கருத்தையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கின்றன. 2023-இல் அந்நாட்டு அரசியல்வாதி நைஜல் ஃபராஜின் கணக்கை கூட்ஸ் வங்கி மூட முடிவெடுத்தபோது, தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அவர் வங்கியின் உள்ஆவணங்களை வாங்கினார். அவருடைய கருத்துகளை வங்கி அலசியிருந்தது அதில் தெரிந்தது. அவரது கணக்கைப் பற்றி பி.பி.சி. நிருபரிடம் பேசியதற்காகத் தாய் நிறுவனமான நாட்வெஸ்ட்டின் தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது.

நம் பக்கம் கணக்கைவிடக் கடன்தான் தகராறு. வக்கீல், போலீஸ், பத்திரிகைக்காரர், அரசியல்வாதி என்றால் லோன் ஃபைல் நகராது என்பது ஊரறிந்த பேச்சு. கொள்கை பிடிக்காமல் அல்ல. தவணை நின்றால் வசூலுக்குப் போகிறவருக்குத் தொல்லை வரும் என்ற பயம். எந்தக் கட்சி என்றுகூடக் கேட்கமாட்டார்கள்; கரைவேட்டி போதும். விழுப்புரம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வண்டியில் கட்டிய கொடியை வைத்தே ஆளின் சாதியை ஊகிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கொடிக்காக மறுத்தாலும் அது சாதிக்காக மறுத்ததாகவே படும். அந்த ஊகம் பொய்யென்று வங்கியால் எளிதில் நிரூபிக்கவும் முடியாது. சாதி பார்த்துக் கடன் மறுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் தடை 2003 முதலே இருக்கிறது.

மறுத்தால் முதலில் கேட்க வேண்டியது எழுத்தில் காரணம். 2003-இல் 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மட்டும் இருந்த இந்த விதி, 2007 முதல் தொகை எதுவானாலும், கிரெடிட் கார்டு உட்பட, எல்லாவற்றுக்கும் பொருந்தும். "மேலிடத்தில் அப்ரூவல் வரலை சார்" என்று வாய்வார்த்தையில் அனுப்பிவைப்பது பதிலாகாது.

அடுத்து, எந்த வங்கி என்பது முக்கியம். விழுப்புரத்தின் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி 1969-இல் தேசியமயமான 14 வங்கிகளில் ஒன்று. அரசு வங்கி 'அரசு' என்ற வரையறைக்குள் வருவதால், அரசமைப்புச் சட்டத்தில் சமத்துவம் பேசும் 14-ஆவது பிரிவு அதையும் கட்டுப்படுத்தும். கட்சி பார்த்து மறுத்தது தெரிந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தனியார் வங்கி மீது அப்படிப் போவது கடினம். ஃபெடரல் வங்கிக்கும் சாகர் தாமஸுக்கும் இடையிலான வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம், தனியார் வங்கி பொதுவாக ரிட் வரம்புக்குள் வராது என்று சொல்லிவிட்டது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். ஆனால் முதலில் வங்கிக்கே புகார் எழுதி, பதிலுக்கு 30 நாள் வரை பொறுத்திருக்க வேண்டும். வங்கியின் வணிக முடிவுகளில் குறைதீர்ப்பாளர் தலையிடமாட்டார், கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதும் அப்படிப்பட்ட முடிவே. ஆகவே "கடன் தரவில்லை" என்று எழுதினால் மனு தள்ளுபடியாகவே வாய்ப்பு அதிகம். "காரணத்தை எழுத்தில் தரவில்லை" என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு, எடுத்துக்கொள்ள இடமுண்டு.