விமானம் ஏறும் சர்க்கரை நோயாளிகள் கவனத்திற்கு

வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் இல்லாத தெரு நம் மாவட்டத்தில் குறைவு. கடையைத் தம்பியிடமோ மருமகனிடமோ ஒப்படைத்துவிட்டு, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, துபாயிலோ மஸ்கட்டிலோ ஒரு மாதம் பேரப்பிள்ளைகளுடன் இருந்துவிட்டு வரும் வணிகப் பெருமக்கள் நம்மில் பலர் உண்டு. பலருக்குச் சர்க்கரை நோயும் கூடவே வருகிறது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் துணையோடு நடந்த பெரிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து, கூட்டம் குறைந்த பிறகு சாப்பிடும் நம் தொழிலில் அது குறைவாக இருக்கும் என்று எண்ண இடமில்லை.

இன்சுலின் போடுவதை வெளியே சொல்ல நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். சோதனையில் ஊசியைப் பார்த்துவிட்டால் நாலு பேர் முன்னால் கேள்வி வருமே என்று, மருந்தை முழுவதும் பெரிய பெட்டியில், நேந்திரங்காய் வற்றலுக்கும் அப்பளத்துக்கும் நடுவில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். இதுதான் ஆபத்து. விமானத்தின் அடியில் சரக்கு ஏற்றும் பகுதி, உயரே போகும்போது மிகவும் குளிர்ந்துவிடக் கூடும். நம் கடையில் மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்தால் வெயிலில் வைத்து உருக்கி விற்றுவிடலாம், குணம் மாறாது. இன்சுலின் அப்படியல்ல. ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடி இருந்தாலும் அதை நம்பிப் போட முடியாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்த இன்சுலினும் கைக்கு வராது. ஆகவே மருந்து, ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் கைப்பையில்தான் இருக்கவேண்டும். அதுவும் தேவைக்கு இரு மடங்காக.

கைப்பையில் ஊசியை விடுவார்களா என்று கேட்கலாம். இன்சுலினோடு சேர்ந்து, மருத்துவர் சீட்டும் இருந்தால் விடுவார்கள். வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் திரவம் கூடாது என்ற விதி, 2006இல் லண்டனில் ஒரு சதி பிடிபட்ட பிறகு வந்தது. தேவையான மருந்துக்கு அதில் விலக்கு உண்டு. நம் விமான நிலையங்களில் சோதனை செய்வோர் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர். பெரும்பாலும் வடநாட்டவர், நம் தமிழும் மலையாளமும் எல்லோருக்கும் புரியாது. எனவே மருத்துவர் கடிதம் ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். மருந்துக் கடைச் சீட்டு ஒட்டிய அட்டைப் பெட்டியைக் கிழித்து எறியவேண்டாம். "இன்சுலின்" என்ற ஒரு சொல் எல்லா மொழிக்காரருக்கும் புரியும். அவர்கள் கேட்கும் முன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

பெயர் பெற்றவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு, அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே சர்க்கரை நோய் வந்தது. 2019 ஜூலையில் மான்செஸ்டர் விமான நிலையத்தில் அவருடைய இன்சுலினைக் குளிர்ப்பையிலிருந்து எல்லோர் முன்னிலையிலும் எடுக்கச் சொல்லி, பிளாஸ்டிக் பையில் போடவைத்தார்கள். தமக்கு அவமானமாக இருந்தது என்று அவர் பகிரங்கமாகவே எழுதினார். விசாரிப்பதாக நிலையத்தார் பதில் சொன்னார்கள். அவர் வாய் திறந்தது சரி என்பதே நம் கருத்து. சோதனை செய்வது அவர்கள் கடமை. மருந்து கெடாமல் பார்ப்பது நம் உரிமை. மறைவான இடத்தில் சோதியுங்கள் என்று மரியாதையாகக் கேட்பதில் தவறேதும் இல்லை.

இப்போது சிலர் கையில் சென்சார் ஒட்டிக்கொள்கிறார்கள். இடுப்பில் இன்சுலின் பம்பு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரண இன்சுலின் பேனாவும் விரலில் குத்திப் பார்க்கும் கருவியும் எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்வந்தால் கெடுவதில்லை. பம்பையும் சென்சாரையும் எக்ஸ்ரேயில் விடவேண்டாம், உடல் முழுவதையும் படம் பிடிக்கும் ஸ்கேனரில் நுழையவேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். உலோகம் கண்டுபிடிக்கும் வாசல் வழியாகப் போவது பெரும்பாலான கருவிகளுக்குப் பாதகமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். கருவியோடு வந்த புத்தகத்தைப் பயணத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். கையால் சோதித்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். யார் சொன்னாலும் பம்பைக் கழற்றிப் பெல்ட்டில் வைத்துவிடாதீர்கள். பெட்டியில் இருக்கும் மாற்றுச் சென்சாருக்கும் இதே கதைதான். மாற்று பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டுமே வரலாம்.

(சரக்கு பற்றி ஒரு வார்த்தை: பிள்ளைக்கென்று கொப்பரை கட்டிக்கொண்டு போகாதீர்கள். எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று அதை அபாயகரமான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.)

வரிசை நீளமாக இருக்கும், விமானமும் தாமதமாகும். சாப்பாடு கைக்கு வருமுன் வேளை இன்சுலினைப் போட்டுவிட்டு நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். பையில் கற்கண்டோ குளுக்கோஸோ வைத்திருங்கள். துபாய், மஸ்கட் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி. அங்கே போய் எந்த நேரத்தில் எவ்வளவு போடுவது என்பதைக் கடிதம் வாங்கும் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.