மீன்குஞ்சின் ரத்தத்தில் ஒரு துப்பு

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் சோகை என்றதும் நினைவுக்கு வருவது வெறுங்காலில் பால்வெட்டியவர்களைப் பிடித்த கொக்கிப்புழுவும், மலேரியாவும், லயத்து வீடுகளின் சத்தில்லாச் சாப்பாடும்தான். அவை உண்மையான காரணங்களே. அதனால்தான் வெளிறிய முகத்தைக் கண்டதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் வழக்கம் ஊறிவிட்டது. ஆனால் பரம்பரையாக வரும் சில அரிய சோகைகளில் உடலில் இரும்பு குறைவதில்லை, தேங்குகிறது. அங்கே அந்த மாத்திரை பயன் தராது, கெடுதலும் செய்யலாம். எந்தச் சோகை எந்த மரபணுவால் வருகிறது என்று பிரித்தறியாமல் சரியான மருத்துவம் இல்லை. நோயாளிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களை மட்டும் வைத்துக் காரணத்தைத் தேடுவது கடினம்.

இங்கேதான் வரிக்குதிரை மீன் உதவுகிறது. கங்கைச் சமவெளி ஓடைகளில் வாழும் இந்தச் சிறுமீனின் கரு கண்ணாடிபோலத் தெளிவானது. ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கும். ரத்தம் ஓடுவதை நுண்ணோக்கியில் நேரே பார்க்கலாம். நீரிலுள்ள ஆக்ஸிஜன் உடலுக்குள் ஊறிவிடுவதால், சிவப்பணு இல்லாமலும் அது சில நாள் பிழைத்திருக்கும். எலியின் கருவாக இருந்தால் தாய் வயிற்றிலேயே இறந்துபோகும். 1996இல் பாஸ்டனிலும் ஜெர்மனியின் டூபிங்கனிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் கிடைத்த ரத்தக் குறைபாட்டு மீன்கள் பலவற்றுக்குத் திராட்சை மது வகைகளின் பெயர்களையே வைத்தார்கள். அந்தப் பெயர் வரிசையில் வந்த ‘ஷிராஸ்’ மீனில், இரும்பையும் கந்தகத்தையும் இணைக்க உதவும் ஒரு மரபணு பழுதானது என்று 2005இல் தெரிந்தது. இரண்டே ஆண்டில், 2007இல், அதே மரபணு பழுதான ஒரு மனிதரைப் பற்றிய ஆய்வு இத்தாலியிலிருந்து வெளிவந்தது. ரத்தம் ஏற்றியபோது அவருடைய சோகை மோசமானது; உடலில் தேங்கிய இரும்பை மருந்தால் வெளியேற்றியபோது ஓரளவு தணிந்தது.

மீனின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்முடையதில் இல்லை. பின் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நோய் ஒருவரை எவ்வளவு வாட்டும் என்று மீன் சொல்லாது. எந்த மரபணுவில் தேடுவது என்று சொல்லும். அதே பெயர் வரிசையின் ‘ரெட்சினா’ மீனில் பழுதானது சிவப்பணுச் சவ்விலுள்ள பேண்ட் 3 புரதம். தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி, மலாய் மக்கள் சிலரின் சிவப்பணுக்கள் நீள்வட்டமாக இருப்பதும் அதே புரதத்தில் 9 அமினோ அமிலங்கள் விடுபட்டதால்தான். மீனில் அந்தப் பழுது சோகையாகிறது. இவர்களிடமோ பெரும்பாலும் தொல்லை தராமல், கடும் மலேரியாவிலிருந்து காக்கவும் செய்கிறது. ஒரே புரதமானாலும் பழுதின் வகை விளைவை மாற்றிவிடுகிறது. ஆகவே மீன் தந்த துப்பை மனித ரத்தத்தில் சரிபார்த்தே தீர வேண்டும்.

அரிய நோய்க்காக மரபணுச் சோதனைக்குச் செலவிடுவதா என்பது அடுத்த கேள்வி. மலேசியாவில் 2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குத் தலசீமியா என்னும் பரம்பரைச் சோகைக்கான பரிசோதனை நடக்கிறது. ரத்தம் எடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மாத்திரை தின்றும் தேறாத பிள்ளைக்கு அதையே மறுபடி எழுதுமுன் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கட்டும். இரும்பு நிறைந்திருந்து, தலசீமியாவும் இல்லையென்றால், மரபணுச் சோதனைக்கு அனுப்பட்டும்.