நூறு மணி நேரச் சண்டை, முப்பது வருஷ வியாதி

காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவில் ஒன்று. எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை வீதம் விழுங்க வேண்டும் என்பது உத்தரவு. ஓர் அட்டைக்கு 21 மாத்திரைகள். ஒரு வாரத்துக்குச் சரியாக வரும். 1991-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சவூதி அரேபியப் பாலைவனத்தில் கூடாரம் அடித்துக் காத்திருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இப்படித்தான் மாத்திரை வழங்கப்பட்டது. எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு, கேட்காமல் விழுங்கியவர்களும் உண்டு. ராணுவத்தில் உத்தரவு என்றால் உத்தரவுதான்.

அந்த மாத்திரையின் பெயர் பிரிடோஸ்டிக்மின் புரோமைடு. தசைகள் வலுவிழந்துபோகும் ஒரு வியாதிக்கு டாக்டர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வரும் மருந்துதான். ஆனால் திடகாத்திரமான வாலிபர்களுக்கு அது எதற்கு? சதாம் உசேனின் படைகள் நரம்பைத் தாக்கும் விஷவாயுவை வீசக்கூடும் என்ற அச்சம் இருந்தது. 'சோமான்' என்ற வாயுவுக்கு இந்த மாத்திரை முன்காப்பாக இருக்கும் என்று கருதினார்கள். அந்த உபயோகத்துக்கு அப்போது முறையான அங்கீகாரம் கிடையாது. ஆகவே, சிப்பாய்களின் சம்மதத்தைக் கேட்காமலே கொடுக்கலாம் என்று தனி அனுமதி பெறப்பட்டது. சுமார் இரண்டரை லட்சம் பேர் அதை உட்கொண்டார்கள்.

யுத்தம் சீக்கிரமே முடிந்துவிட்டது. 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் குவைத்தைப் பிடித்தது. 1991 ஜனவரி 17-இல் விமானத் தாக்குதல் தொடங்கியது. பிப்ரவரி 24-இல் தொடங்கிய தரைப்போர் நூறு மணி நேரத்தில் முடிந்தது. அங்கே அனுப்பப்பட்ட அமெரிக்கர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். சண்டையில் மாண்ட அமெரிக்கர்களோ 150-க்கும் குறைவு. ஊர்வலம், கொடி, வாண வேடிக்கை எல்லாம் நடந்தன. இவ்வளவு குறைந்த சேதத்தில் வெற்றி பெற்ற யுத்தம் வேறு உண்டா என்று பத்திரிகைகள் வியந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை

வீடு திரும்பிய சில மாதங்களில் ஒருவர் இருவராக டாக்டரிடம் போகத் தொடங்கினார்கள். எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. மூட்டுக்கு மூட்டு வலி. ஓயாத தலைவலி. வயிற்றோட்டம். தோலில் தடிப்பு. கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும். மைல் கணக்கில் மூட்டை சுமந்து ஓடிய ஆள், வீட்டுப் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவார்.

டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே பிடித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் ஆளும் சுகமாகத்தானே இருக்க வேண்டும்? எனவே மனச்சோர்வு என்றார்கள், யுத்த பயம் என்றார்கள். பென்ஷன் கிடைக்கும் என்று நடிக்கிறான் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் இருந்தார்கள். 'உன்னோடு வந்த மற்றவன் நன்றாகத்தானே இருக்கிறான், உனக்கு மட்டும் என்ன?' என்ற கேள்விக்கு அந்த மனிதர்களிடம் பதில் இல்லை. தங்கள் உடம்பைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. மருந்தடித்துவிட்டு வந்து தலை சுற்றுகிறது என்று டிரெசர் முன்னால் நின்று, இரண்டு வெள்ளை மாத்திரையோடு திரும்பி வந்தவர்களுக்கு இந்த நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை.

உடம்புக்குள் போனவை

அந்தச் சில மாதங்களில் அவர்கள் உடம்புக்குள் என்னென்ன போயின என்று பின்னால் கணக்கெடுத்தபோதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது.

மாத்திரையைச் சொன்னேன். அடுத்தது பூச்சி மருந்து. பாலைவனத்தில் ஈயும் மணல் ஈயும் மொய்க்கும். கூடாரத்துக்குள் தெளித்தார்கள், உடுப்பில் தெளித்தார்கள், உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஈ கொல்லும் மருந்துப் பட்டைகளைச் சாப்பாட்டுக் கூடாரத்திலும் படுக்கும் இடத்திலும் தொங்கவிட்டார்கள். நாய் பூனைகளுக்கு உண்ணிக்காகக் கட்டும் மருந்துப் பட்டியைத் தங்கள் காலிலேயே கட்டிக்கொண்ட சிப்பாய்களும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா பிற்பாடு எடுத்த கணக்கின்படி, 37 விதமான ரசாயனங்கள் அடங்கிய 64 பூச்சி மருந்துகள் அங்கே புழங்கின. குறைந்தது 41,000 பேர் அளவுக்கு மீறி அவற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று அந்த இலாகாவே ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் படையில் இத்தகைய மருந்துகள் சொற்பமாகத்தான் பயன்பட்டன என்று அந்நாட்டுப் பார்லிமெண்டில் கூறப்பட்டிருந்தது. அது உண்மையல்ல, பரவலாகவே பயன்பட்டன என்று 1996-இல் அரசாங்கமே திருத்திச் சொல்ல நேர்ந்தது.

மூன்றாவது, கமிசியா. தெற்கு ஈராக்கில் இருந்த பெரிய ஆயுதக் கிடங்கு அது. சண்டை ஓய்ந்த பிறகு, 1991 மார்ச் 4-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும் அமெரிக்கப் பொறியாளர் படையினர் அங்கிருந்தவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கிருந்த ராக்கெட்டுகளில் 'சாரின்' என்னும் நரம்பு விஷம் நிரப்பப்பட்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. வெடித்த புகை காற்றோடு போயிற்று.

இது 1996 ஜூன் மாதம் வரை வெளியே வரவில்லை. வந்த பிறகு, அந்தப் புகை பட்டிருக்கக்கூடியவர்கள் சில நூறு பேர் என்றார்கள். சில மாதங்களில் 5,000 என்றார்கள். அப்புறம் 20,000 என்றார்கள். 1997-இல் கணக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்தில் வந்து நின்றது. வியாதிக்காரன் பேச்சு மாறினால் நடிப்பு; அதிகாரியின் கணக்கு மாறினால் அதற்கு 'மறுமதிப்பீடு' என்று பெயர்!

குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்த புகையும் உண்டு. கடைசிக் கிணற்றை அடைத்தபோது 1991 நவம்பர் ஆகிவிட்டது. ஆனால் விஞ்ஞானிகளின் சந்தேகம் முக்கியமாக விழுந்தது மாத்திரை, பூச்சி மருந்து, சாரின் ஆகிய மூன்றின்மேல்தான். காரணம், மூன்றும் உடம்பில் தொடும் இடம் ஒன்று.

குழாயை மூடும் கை

நம் நரம்பு தசைக்கு உத்தரவு போடும்போது 'அசிட்டைல்கோலின்' என்ற ரசாயனம் கசிகிறது. தசை சுருங்குகிறது, எச்சில் ஊறுகிறது, குடல் அசைகிறது. வேலை முடிந்ததும் அந்த ரசாயனத்தைத் துடைத்துவிட ஒரு நொதிப்பொருள் இருக்கிறது. தண்ணீர் பிடித்தானதும் குழாயை மூடும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரின் அந்தக் கையைப் பிடித்து முறித்துவிடுகிறது. குழாய் மூடாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். வாயில் நுரை தள்ளும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு நிற்கும். பூச்சி மருந்தில் ஒரு வகையும் அதே கையைத்தான் பிடிக்கிறது. மாத்திரையும் அதே கையைத்தான் பிடிக்கும். ஆனால் சில மணி நேரத்தில் விட்டுவிடும். விஷம் வந்து பிடிப்பதற்குள் தான் பிடித்துக்கொண்டு கொஞ்சத்தைக் காப்பாற்றுவது என்பதே அந்த மாத்திரையின் தத்துவம்.

பூச்சி மருந்தையும் யுத்த விஷத்தையும் ஒன்றாகச் சொல்வது மிகையல்ல. 1930-களில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் புதிய பூச்சி மருந்தொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். 1936-இல் அவர் கையில் சிக்கியது 'தாபுன்'. 1938-இல் கிடைத்தது சாரின். இரண்டும் ராணுவத்துக்குப் போயின. அதே குடும்பத்தில் வீரியம் குறைந்த பிள்ளைகள் டப்பாவில் அடைபட்டு வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்தன. ஆர்கனோபாஸ்பேட் என்பது குடும்பப் பெயர். நம் பக்கம் கொசுவுக்குப் புகை போட வெகுகாலம் பயன்பட்ட மாலத்தியான் அந்தக் குடும்பம். ஓலையைத் தின்னும் புழுவுக்காகச் செம்பனைத் தண்டில் துளையிட்டு ஊற்றிவந்த மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் இரண்டும் அந்தக் குடும்பமே. (புல்லுக்கு அடித்த பாராகுவாட் வேறு ஜாதி. அதன் கதை தனிக்கதை. மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது.)

ஒவ்வொரு மருந்தும் தனித்தனியே அனுமதிக்கப்பட்ட அளவில்தான் இருந்தது என்று அதிகாரிகள் வாதித்தார்கள். இருக்கலாம். ட்யூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1996-இல் கோழிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிப்பாய்களுக்குக் கொடுத்த மாத்திரையையும், அவர்கள் உபயோகித்த பூச்சி மருந்துகளையும் தனித்தனியே கொடுத்தபோது கோழிகளுக்குப் பெரிய சேதமில்லை. சேர்த்துக் கொடுத்தபோது நடை தள்ளாடியது, நரம்பு கெட்டது. கோழிக்குக் கொடுத்த அளவு பெரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பதிலாக அமைந்தது.

நன்றாயிருந்தவனும் நலிந்தவனும்

'மற்றவன் நன்றாகத்தானே இருக்கிறான்' என்ற கேள்விக்கு விடை கிடைக்க 31 வருஷம் பிடித்தது.

டெக்சாஸ் மாநிலத்து டாக்டர் ராபர்ட் ஹேலி 1990-களிலிருந்து இந்த வியாதியையே ஆராய்ந்து வந்தவர். நம் ரத்தத்தில் இப்படிப்பட்ட விஷங்களைச் சிதைக்கும் வேறொரு நொதிப்பொருள் உண்டு. அதை உண்டாக்கும் மரபணு பிறவியிலேயே இரண்டு விதமாக வருகிறது. ஒரு விதம் சாரினை நன்றாகச் சிதைக்கும். மற்றது அதில் மந்தம். ஹேலியின் குழுவினர் வியாதியுள்ள 508 பேரையும், வியாதியில்லாத 508 பேரையும் எடுத்துக்கொண்டு, விஷவாயு அலாரம் அடித்ததைக் கேட்டவர்கள் யார் என்று விசாரித்தார்கள். யுத்தத்தின்போது அந்த அலாரங்கள் ஆயிரக்கணக்கான தடவை அலறின. எல்லாம் பொய் அலாரம் என்று ராணுவம் சொல்லியிருந்தது.

முடிவு 2022 மே மாதம் வெளியாயிற்று. நல்ல மரபணு உள்ளவர்களில், அலாரம் கேட்டவர்களுக்கு வியாதி வரும் வாய்ப்பு, கேளாதவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு. மந்தமான மரபணுவைத் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பெற்றவர்களுக்கோ ஏறத்தாழ 9 மடங்கு. மனிதனுடைய ஞாபகம் பிசகலாம். பிறவியில் வந்த மரபணுவை யாரும் பென்ஷனுக்காக மாற்றி எழுத முடியாது. ஒரே கூடாரத்தில் படுத்த இருவரில் ஒருவன் எழுந்து நடக்க, ஒருவன் ஏன் சுருண்டு போனான் என்பதற்கு அதிலே விளக்கம் இருந்தது. எல்லா நிபுணர்களும் இதோடு வழக்கு தீர்ந்தது என்று சொல்லிவிடவில்லை. ஆனால் நடிப்பு என்ற பேச்சு எடுபடாமல் போயிற்று.

அதற்கு முன்பே காற்று திசை மாறத் தொடங்கியிருந்தது. 2008-இல் அமெரிக்க அரசு நியமித்த ஆலோசனைக் குழு, போனவர்களில் நாலில் ஒரு பங்கினராவது இந்த வியாதியால் அவதிப்படுகிறார்கள் என்றும், மாத்திரைக்கும் பூச்சி மருந்துக்கும் இதில் காரணத் தொடர்பு உண்டு என்றும் அறிக்கை கொடுத்தது. நாலில் ஒன்று என்றால் சுமார் ஒன்றேமுக்கால் லட்சம் பேர்!

இவ்வளவு தாமதம் ஏன்? என் அபிப்பிராயத்தில், கணக்கு எழுதாமல் விட்டதுதான் முதல் குற்றம். எந்தச் சிப்பாய் எத்தனை மாத்திரை விழுங்கினான், எந்தக் கூடாரத்தில் என்ன மருந்து எத்தனை நாள் தெளித்தார்கள் என்பதற்கு ஒழுங்கான ஏடு இல்லை. ஏடு இல்லாததால் நிரூபிக்கும் பாரம் வியாதிக்காரன் தலையில் விழுந்தது. இந்த விஷம் தாக்கியிருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 'கோலினெஸ்டரேஸ்' பரிசோதனை என்று பெயர். ஆனால் விஷம் பட்ட சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அந்த அளவு பழையபடி ஏறிவிடும். ஆளுக்கு ஆள் இயல்பான அளவும் வேறுபடும். வேலை தொடங்குமுன் ஒரு தடவை எடுத்து வைத்திருந்தால்தான் பிறகு எடுப்பதை ஒப்பிட முடியும். சிப்பாய்களுக்கு யாரும் அப்படி எடுத்து வைக்கவில்லை.

மலேசியாவில், தெனாகானிதா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி 2002-இல் வெளியிட்ட ஆய்வுக்காக இந்தப் பரிசோதனையும் செய்யப்பட்டது. அந்தப் பெண்கள் சொன்ன அசதி, தலைச்சுற்றல், கண்ணெரிச்சல் எல்லாம் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. வேலையிடத்து ரசாயனங்கள் பற்றி 2000-ஆம் ஆண்டு மலேசியாவில் வந்த விதிகள், எடுத்த பரிசோதனைப் பதிவுகளை முதலாளி 30 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்கின்றன. மருந்தடிக்கும் அம்மாமார்கள் தங்கள் ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, மை கார்டோடு பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. எந்தத் தேதியில் எந்த மருந்து என்று பிள்ளையின் பழைய நோட்டில் குறித்துவைத்தாலும் போதும்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்கு அந்த நோட்டுகூட இல்லை. காரணம் தெரியாத வியாதிக்கும் உதவித்தொகை தரலாம் என்று 1994-இல் சட்டம் வந்தது. அப்படியும் மனுக்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. ஆஸ்பத்திரிக் கணக்கில் எழுத அந்த வியாதிக்குத் தனிக் குறியீடு இல்லாததால், டாக்டர்கள் அசதி என்றும் மூட்டுவலி என்றும் துண்டு துண்டாகவே எழுதி வந்தார்கள். அமெரிக்காவில் அந்தக் குறியீடு 2025 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இருபது வயதில் மாத்திரை விழுங்கிய வாலிபனுக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு.