வர்ணம் பூசினால் போதுமா? கருவியைக் கழுவ வேண்டாமா?

நோன்புப் பெருநாள் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் சுவர்களுக்கும் கதவு ஜன்னல்களுக்கும் புது வர்ணம் பூசும் வேலை தொடங்கிவிடும். முன்பு தூரிகை கொண்டு செய்த வேலைக்கு இன்று பல வீடுகளில் மின்சாரத்தால் இயங்கும் சிறிய பெயின்ட் ஸ்பிரேயரைப் பயன்படுத்துகின்றனர். வேலை விரைவாக முடிகிறது. பூச்சும் ஒரே சீராக அமைகிறது. ஆனால் பூசுவதில் காட்டும் அக்கறையைக் கருவியைக் கழுவுவதில் நாம் காட்டுவதில்லை.

இதை நான் நஷ்டப்பட்டே கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாதத்தில், அண்டை வீட்டாரிடம் ஸ்பிரேயரை இரவல் வாங்கி ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் அடித்தேன். வேலை முடியும் நேரத்தில் மஃரிபு பாங்கு ஒலித்தது. ‘காலையில் கழுவிக்கொள்ளலாம்’ என்று கருவியை மூலையில் வைத்துவிட்டேன். மறுநாள் அதன் விசை அசையவில்லை. ஊக்கை எடுத்து வாய்த் துவாரத்தில் குத்திப் பார்த்தேன், பயனில்லை. தெருவிலுள்ள பெயின்டரிடம் கொண்டு சென்றேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், எனாமல் காய்ந்ததைக்கூட ஊறவைத்து எடுத்துவிடலாம், ஊக்கை விட்டுக் குத்தினீர்களே, அதற்கு மருந்தில்லை” என்றார். புது நாசிலும் நீடிலும் வாங்கிப் பொருத்தி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, உரியவரிடம் ஒப்படைத்தேன். இரவல் பொருள் அமானிதம் அல்லவா!

எதனால் கழுவுவது?

எமல்ஷன், டிஸ்டெம்பர் போன்ற தண்ணீர் கலக்கும் வர்ணங்களுக்குத் தண்ணீரே போதும். இறுதியில் சிறிது சோப்பு நீர் நல்லது. எனாமல் போன்ற எண்ணெய் வர்ணங்களைத் தண்ணீர் கரைக்காது. அவற்றுக்கு டர்பன்டைனோ, வர்ண டப்பாவில் குறிப்பிட்டுள்ள தின்னரோ வேண்டும்.

கழுவும் முறை

வேலை முடிந்த உடனேயே, வர்ணம் ஈரமாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, விசையை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மீதி வர்ணத்தை டப்பாவில் ஊற்றி மூடுங்கள்.

தண்ணீர் வர்ணமானால், கிண்ணத்தில் சுத்தமான நீரை நிரப்பி, மீண்டும் இணைப்புக் கொடுத்து, ஒரு பழைய வாளிக்குள் பீய்ச்சுங்கள். நிறமற்ற நீர் வரும்வரை இரண்டு மூன்று முறை நீரை மாற்றுங்கள். எண்ணெய் வர்ணமானால், கருவியோடு வந்த கையேடு அனுமதிக்காத தின்னரைப் பீய்ச்சவே கூடாது. மோட்டாரின் பொறி பட்டுத் தீப்பற்றலாம். மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற பாகங்களை மட்டும் கழுவுவதே பாதுகாப்பு.

பிறகு இணைப்பைத் துண்டித்து, முன்மூடி, நாசில், நீடில், உறிஞ்சு குழாய், வடிகட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மென்மையான தூரிகையால் தேயுங்கள். கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வைத்தால் மீண்டும் பொருத்துவது எளிது. சில கருவிகளில் கிண்ணத்துக்குக் காற்றழுத்தம் தரும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அதில் வர்ணம் ஏறி அடைத்துக்கொண்டால், மோட்டார் ஓடினாலும் வர்ணம் வராது. அதையும் மறவாமல் கழுவுங்கள்.

நாசிலின் துவாரத்தில் ஊசி, கம்பி, ஆணி எதையும் நுழைக்காதீர்கள். சிறு கீறல் விழுந்தாலும் வர்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்தோ சொட்டுச் சொட்டாகவோ தெறிக்கும். பல் குத்தும் மரக்குச்சி போதும். ரப்பர் வளையங்களைத் தின்னரில் நெடுநேரம் ஊறவிட்டால் உப்பிவிடும். மோட்டார்ப் பகுதியை நீரில் முக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். காற்று வடிகட்டியின் தூசியைத் தட்டி எடுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.

எல்லாம் நன்கு உலர்ந்தபின், நீடிலிலும் வளையங்களிலும் சிறிது வாசலைன் தடவிப் பொருத்தி வைத்தால் அடுத்த முறை விசை இலகுவாக இயங்கும். அடுத்த முறை வர்ணத்தை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றினால் அடைப்பில் பாதி தீர்ந்துவிடும்.

தாய்மார்கள் கவனத்திற்கு

தின்னரும் டர்பன்டைனும் எளிதில் தீப்பற்றுபவை. அடுப்புள்ள இடத்தில் இவ்வேலை வேண்டாம். வெட்டவெளியில், கையுறை அணிந்து செய்யுங்கள். எண்ணெய் வர்ணம் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள். அழுக்கான டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய பாட்டிலில் வைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

காற்றின்றி அதிக அழுத்தத்தில் வர்ணத்தைப் பீய்ச்சும் பெரிய ‘ஏர்லெஸ்’ கருவியை வாடகைக்கு எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அதன் பீய்ச்சல் தோலைத் துளைத்து உடலுக்குள் வர்ணத்தைச் செலுத்திவிடும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தோன்றும்; ஆனால் விரலையே இழக்க நேரிடலாம். வலி இல்லையென்று இருந்துவிடாமல், உடனே மருத்துவமனைக்குச் சென்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அழுத்தத்தை முழுதும் இறக்காமல் அதன் நாசிலைத் தொடவே கூடாது.

நான் அன்று மிச்சப்படுத்த நினைத்தது சிறிது நேரம். இழந்தது புது நாசில், நீடிலின் விலையும், அண்டை வீட்டார் முன் தலைகுனிந்து நின்ற கணமும். வேலையைச் சற்று முன்னதாகவே நிறுத்திக் கழுவியிருந்தால் இரண்டுமே நேர்ந்திருக்காது.